நான்கு விரல் உயரத்தில் ஒரு படகு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, படகுத்துறையின் கிரேன் ஒரு பழைய ஃபைபர் படகை மெதுவாக இறக்கிக் கொக்கியைக் கழற்றிக்கொண்டபோது, படகு தண்ணீரைத் தொடாமல் நான்கு விரல் உயரத்தில் நின்றுவிட்டது. கிரேன்காரர் எட்டிப் பார்த்தார். கயிறு எங்காவது மாட்டியிருக்கிறதோ என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தார். எதுவும் மாட்டியிருக்கவில்லை. ஒரு காலி தண்ணீர் பாட்டில் மிதந்து வந்து படகின் அடியில் நுழைந்து, எதிலும் இடிக்காமல் மறுபக்கம் வெளியே போயிற்று. கிரேன்காரர் தன் நோட்டில் 'இறக்கியாயிற்று' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் 'ஏறக்குறைய' என்று சேர்த்துவிட்டு, அடுத்த படகைத் தூக்கப் போய்விட்டார். அவருக்கு மதியத்துக்குள் இன்னும் ஆறு படகு இருந்தது.

அந்தப் படகு லிஃப்ட்காரருடையது. ஒன்பது மாடி ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் இயக்கியவர் அவர். அத்தனை காலம் மேலேயும் கீழேயும் போய் வந்த மனுஷன், கொஞ்சம் பக்கவாட்டிலும் போய்ப் பார்க்கலாமே என்று ஆசைப்பட்டு வாங்கியது. பதினெட்டு அடி நீளம், வெள்ளை நிறம், நடுவில் ஸ்டியரிங், பின்னால் தொங்கும் மோட்டார். வாங்கிக்கொண்டு வந்த அன்றே பெருமை தாங்காமல் மனைவியைக் கூட்டிப்போய் அதில் உட்காரவைத்தார். படகு அப்போது துறையிலேயே இரண்டு கயிற்றில் கட்டித்தான் கிடந்தது. நாலாவது நிமிடம் மனைவி விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலையில் சாப்பிட்டதை எல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம் இருபத்தாறு வருடம் அவள் அந்தப் படகில் கால் வைக்கவில்லை. "உங்க சின்ன வீடு எப்படி இருக்கா?" என்று மட்டும் அவ்வப்போது கேட்பாள். "நல்லா இருக்கா. உன்னைத்தான் விசாரிச்சா" என்பார் அவரும் விட்டுக்கொடுக்காமல்.

அவளுக்கு ஆடுகிற எதுவும் ஒத்துக்கொள்ளாது. யாராவது வாளியில் தண்ணீர் தளும்பத் தளும்ப நடந்து போனால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மாத்திரை போட்டுப் பார்த்தாள், மணிக்கட்டில் பட்டை கட்டிப் பார்த்தாள், இஞ்சி மென்று பார்த்தாள், எலுமிச்சையை முகர்ந்து பார்த்தாள். வயிறு எதற்கும் மசியவில்லை. அவள் பிழைப்பும் அதற்குத் தோதாக அமைந்திருந்தது. கண்ணாடி லென்ஸ் செய்கிற தொழிற்சாலையின் இரண்டாவது மாடியில், தரையோடு திருகி இறுக்கிய ஒரு மேஜையின் முன்னால், தரையோடு திருகி இறுக்கிய ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து முப்பத்து மூன்று வருடம் லென்ஸ் தேய்த்தாள். தேய்த்துத் தேய்த்து அவளுடைய விரல்களிலும் ரேகை இல்லாமல் போய்விட்டது. ரேகை வைக்கச் சொல்லும் மிஷின்கள் அவளை ஆள் என்றே ஒப்புக்கொள்வதில்லை. ஊரில் அவளை லென்ஸ்காரி என்றுதான் சொல்வார்கள், நாமும் அப்படியே சொல்லலாம்.

லென்ஸ்காரியின் அக்கா எதிர்த் தீவில் இருந்தாள். வானம் தெளிந்த நாளில் படகுத்துறையில் நின்றால் தீவின் முதுகு தெரியும். போக ஒன்றரை மணி நேரம், அதுவும் தண்ணீர் வழியாக மட்டும். முப்பத்து நாலு வருடத்துக்கு முன்னால் அக்கா கல்யாணமாகி அங்கே போனாள், அங்கேயே தபாலாபீஸில் வேலை பார்த்தாள், புருஷன் போன பிறகும் அங்கேயே இருந்துவிட்டாள். மாதம் ஒரு முறை பயணிகள் படகில் ஏறி, தங்கையைப் பார்க்க அவள்தான் வருவாள். வந்தால் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் வீடு ரெண்டுபடும். போர்வையை நாலாக மடிப்பதா எட்டாக மடிப்பதா, சுவர்க் கடிகாரம் முந்துகிறதா பிந்துகிறதா, சின்ன வயதில் காணாமல் போன சிவப்புக் குடை யாருடையது என்று காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை ஓடும். லிஃப்ட்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு செய்தித்தாளில் விளம்பரங்களைக்கூட விடாமல் படித்து முடிப்பார். மூன்றாம் நாள் அக்கா கிளம்பிப் போனதும் தங்கை பத்து வயது குறைந்தவள்போல வளையவருவாள்.

நாலு வருடத்துக்கு முன் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது, நடக்கவும் செய்தாள். ஆனால் பயணிகள் படகுக்கு ஏறுகிற பலகை அலைக்கு அலை எழும்பி எழும்பி அடிக்கும். அதில் கால் வைக்க டாக்டர் கூடாது என்றுவிட்டார். அதோடு வரத்து நின்றது. மிச்சம் இருந்தது தொலைபேசி. தினமும் நாலு மணிக்கு இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன். தொலைபேசியில் அவர்களுக்குச் சண்டை வரவில்லை. முகம் பார்க்காமல் சண்டை போட இருவருக்கும் வராது. முதலில் லென்ஸ்காரி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நாலாவது வருடம், சும்மா ஒரு சீண்டலுக்கு, "அந்தச் சிவப்புக் குடை என்னோடதுதான் அக்கா" என்றாள். அக்கா, "சரி, உன்னோடதாவே இருக்கட்டும்" என்றாள். ரிசீவரை வைத்துவிட்டு லென்ஸ்காரி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஏங்க, அக்கா என்கிட்ட தோத்துப்போறா" என்றாள் புருஷனிடம். "என்னவோ சரியில்ல. நான் போய்ப் பார்க்கணும்."

போய்ப் பார்ப்பது எப்படி என்பதுதான் விஷயம். லிஃப்ட்காரர் மாதம் ஒரு முறை தன் படகில் போய் மச்சினியைப் பார்த்துவிட்டு வருவார். வந்து, "நல்லா இருக்காங்க" என்பார். மெலிந்திருக்கிறாளா என்று கேட்டால் தெரியாது. ஜன்னல் திரை என்ன நிறம் என்று கேட்டால், திரை இருக்கிறதா என்றே தெரியாது. போதாக்குறைக்கு அவருடைய வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தது. நங்கூரத்தை இழுத்தால் இரண்டு நாள் கையைத் தூக்க முடியவில்லை. சரி, விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார். விற்றால் தீவிலிருந்து வருகிற அந்த 'நல்லா இருக்காங்க' கூட இல்லாமல் போய்விடும். ஆனால் தோள் போன மனுஷனிடம் அதை எப்படிச் சொல்வது என்று லென்ஸ்காரி வாயை மூடிக்கொண்டாள்.

வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர். படகை இழுத்துவந்து வீட்டுப் பின்பக்கத்துக் கொட்டகையில் மரத் தாங்கிகள்மேல் நிறுத்தியிருந்தார்கள். டாக்டர் அதைச் சுற்றி வந்தார், மோட்டாரைத் தட்டினார், பிறகு ஆள்காட்டி விரலால் படகின் விலாவில் ஒரு கோடு இழுத்து விரலைத் தூக்கிக் காட்டினார். விரல் நுனி மாவில் தோய்த்ததுபோல வெளுத்திருந்தது. ஃபைபர் படகுக்கு மேல்தோலாக ஒரு பூச்சு உண்டு, ஜெல்கோட் என்பார்கள். புதிதில் பீங்கான் தட்டுபோல மின்னும். வருடக்கணக்கில் வெயிலும் உப்பும் பட்டால் மங்கி, பூத்து, தொட்டால் வெள்ளையாகக் கையில் ஒட்டும். இந்தப் படகுக்கு இருபத்தாறு வருட வெயில். லிஃப்ட்காரரின் சட்டை எல்லாவற்றிலும் முழங்கைப் பக்கம் அந்த வெள்ளை இருந்தது. "கவனிக்காம விட்ட பல்லு மாதிரி இருக்கு சார்" என்றார் டாக்டர். "இதைச் சரி பண்ணி வைங்க, அப்புறம் பேசலாம்."

லிஃப்ட்காரருக்கு அது உறைக்கவில்லை. லென்ஸ்காரிக்கு உறைத்தது. அவள் வீட்டு வாசலுக்குள் நின்றுகொண்டு ஒருத்தர் ஒரு பரப்பைத் தடவிப் பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போவதா? சக்களத்தியாகவே இருந்தாலும் தன் வீட்டுச் சக்களத்தி இல்லையா? மறுநாள் படகுத்துறைப் பெயிண்டரிடம் போய் விவரம் கேட்டாள். அவர் விரல் விட்டுச் சொன்னார். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவு. பிறகு எண்ணூறாம் நம்பர் வாட்டர் பேப்பரில், அதாவது நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாளில், தண்ணீர் விட்டுத் தேய். பிறகு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம்; நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். அதற்குமேல் காம்பவுண்ட் என்கிற மெருகுப் பசை போட்டு மிஷினில் ஒரு சுற்று, கடைசியாக மெழுகு. இரண்டடிக்கு இரண்டடி கட்டம் கட்டி, ஒன்று முடிந்த பிறகு அடுத்தது. "ஆனா பாத்து தேய்ங்கம்மா. அந்தப் பூச்சு மொத்தமே நகத்தோட கனம்தான். தேய்ச்சு உள்ள போயிட்டீங்கன்னா திரும்ப வராது. ரெண்டாயிரத்தோட நிறுத்திடுங்க" என்றார். லென்ஸ்காரி தலையாட்டினாள். அவள் தொழிலில் இரண்டாயிரம் என்பது வேலையைத் தொடங்குகிற இடம்.

தவறு அங்கேதான் நடந்தது, அதைத் தவறு என்று சொல்ல முடியுமானால். தரையோடு திருகிய ஸ்டூலில் முப்பத்து மூன்று வருடம் உட்கார்ந்தவளால் பாதியில் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டாயிரத்துக்கு அப்புறம் மூவாயிரம், ஐயாயிரம் என்று தாள்கள் மெலிந்துகொண்டே போயின. தாள் தீர்ந்த பிறகு, வேலையை விட்டு நிற்கும்போது நினைவுக்காகக் கொண்டுவந்திருந்த டப்பாக்களைத் திறந்தாள். அதில் லென்ஸுக்குப் போடுகிற ரோஜா நிறப் பொடி இருந்தது. அதைத் தண்ணீரில் குழைத்து, கம்பளித் துணியில் தோய்த்து, முட்டை வடிவத்தில் சுற்றிச் சுற்றி, அழுத்தாமல் தேய்த்தாள். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் கண்ணை மூடிக் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். விரலுக்குத் தெரியாத கீறல் கன்னத்துக்குத் தெரியும். படகுக்குள் பல்பை எரியவிட்டு, வெளியே கொட்டகையை இருட்டாக்கிப் பூச்சின் கனம் எங்கே எவ்வளவு மிச்சம் என்று வெளிச்சத்தை வைத்தே கணக்குப் பார்த்தாள். நாற்பத்தாறு நாள் ஆயிற்று. நாற்பதாவது நாளிலிருந்து கொட்டகையில் தூசி உட்காருவது நின்றது. நாற்பத்து மூன்றாவது நாள் ஒரு ஈ விலாவில் உட்காரப் பார்த்து, வழுக்கி, தரைவரைக்கும் வந்து, எழுந்து, யோசித்துவிட்டு வெளியே போனது. நாற்பத்தாறாவது நாள் அவள் அதன்மேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் படகைத் தொடாமலே பக்கவாட்டில் விழுந்தது. அவளுக்கு அப்படியொரு திருப்தி. கையைக் கழுவிக்கொண்டு டீ போடப் போனாள்.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை படகு நான்கு விரல் உயரத்தில் நின்றது. பிடித்துக்கொள்ள இடமே இல்லாதபோது தண்ணீர்தான் என்ன செய்யும்? பல் டாக்டர் வந்தார், பார்த்தார். முதலில் விலாவில் தன் பல் வரிசையைப் பார்த்துக்கொண்டார், ஒவ்வொரு பல்லும் தெளிவாகத் தெரிந்தது. பிறகு குனிந்து அடியில் பார்த்தார். "நான் கேட்டது படகு சார்" என்று சொல்லிவிட்டு நல்லபடியாகக் கைகொடுத்துப் போய்விட்டார். லிஃப்ட்காரர், வந்ததுதான் வந்தோம் என்று ஏறி மோட்டாரைப் போட்டார். மோட்டாரின் கால் நீளமானது, அது தண்ணீரை எட்டியது. படகு கிளம்பியது. நிற்கத்தான் இல்லை. மோட்டாரை அணைத்த பிறகும், மெழுகுத் தரையில் சறுக்கிவிட்ட தட்டுபோல அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முகம் திரும்பியது, போகிற திசை மாறவில்லை. லிஃப்ட்காரர் துறைமுகத்தைக் குறுக்காக மூன்று முறை சுற்றிச் சுற்றிக் கடந்து, நிறுத்தியிருந்த இழுவைப் படகின் டயர்களில் இடித்து, எதிர்த்திசையில் சறுக்கி, கடைசியில் ஒரு மீன்காரர் வீசிய கயிற்றைப் பிடித்துக் கரை சேர்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பக்கவாட்டில் போதும் போதும் என்கிற அளவுக்குப் போயிருந்தார். சிரித்துச் சிரித்து அவருக்குத் தோள்வலிகூடத் தெரியவில்லை.

கரையில் நின்றிருந்த லென்ஸ்காரி சிரிக்கவில்லை. அவள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இழுவைப் படகு கிளப்பிய அலை ஒன்று முழங்கால் உயரத்துக்கு வந்தது. சுற்றியிருந்த படகுகள் எல்லாம் தலையாட்டிப் பொம்மைகளாக ஆடின. அவளுடைய படகு, அலை வந்தபோது நேராக ஒரு முழம் உயர்ந்து, அலை போனபோது நேராகக் கீழே வந்தது. சாயவில்லை, குலுங்கவில்லை. லிஃப்ட் மாதிரி. அவள் யாரிடமும் கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தாள். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு. லிஃப்ட்காரர் அவசரமாக ஒரு வாளியை எடுத்து நீட்டினார். நாலு நிமிடம் ஆயிற்று. ஐந்து ஆயிற்று. பத்தாவது நிமிடம் அவள் வாளியைத் திருப்பிக் கொடுத்து, "இதுல அக்கா வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

துறைமுக அதிகாரி ஒழுங்கான மனிதர். பென்சில்களை நீளவாரியாக அடுக்கி வைத்திருப்பவர். அவர் நேரில் வந்து, வயிற்றைத் தரையோடு வைத்துப் படுத்து, ஸ்கேலால் இடைவெளியை அளந்தார். அவருடைய படிவத்தில் 'தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம்' என்று ஒரு கட்டம் இருந்தது. வெளியே எவ்வளவு உயரம் என்று எழுத இடம் இல்லை. "அம்மா, எனக்கு உங்கமேல எந்தக் கோபமும் இல்ல" என்றார் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே. "தண்ணியத் தொடாத ஒன்ன நான் படகுன்னு எழுத முடியாது. பறக்குதுன்னு வெச்சுக்கிட்டா விமான நிலையத்துக்குத்தான் போகணும்." அவரே போன் போட்டுக் கேட்டார். தென்னை மர உயரத்துக்குக் கீழே பறப்பது எதுவும் தங்களுடையது அல்ல என்று விமான நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். அதிகாரி காதைத் தடவிக்கொண்டார். "ஒரு இடத்துலயாவது தொடட்டும். ஒரே ஒரு இடம். மீதிய நான் பாத்துக்கறேன். அதுவும் இல்லாம, தொடலைன்னா நிக்காது, திரும்பாது. சாரையே கேளுங்க." சார் இன்னும் தலைசுற்றலோடு ஒரு தூணைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆக, அவள் தன் கையாலேயே அதைக் கெடுக்க வேண்டும். படகைத் திரும்பக் கொட்டகைக்குக் கொண்டுவந்து தாங்கியில் ஏற்றினார்கள். பின்பக்கத்து அடிப்பாகத்தில் ஒரு முழ நீளம், ஒரு கை அகலம் என்று அவள் கணக்குப் போட்டாள். அந்த அளவுக்குச் சொரசொரப்பாக்கினால் தண்ணீர் எழுந்து வந்து அங்கே மட்டும் பிடித்துக்கொள்ளும். குறைந்தால் படகு திரும்பாது. ஒரு இழுப்பு கூடிப்போனாலும் தண்ணீர் நன்றாகவே பிடித்துக்கொள்ளும், பிடித்துக்கொண்டால் ஆட்டும், ஆட்டினால் அக்கா இல்லை. உள்ளே பல்பைப் போட்டுப் பார்த்தாள். அந்த இடத்தில்தான் பூச்சு எல்லா இடத்தையும்விட மெல்லிசாக இருந்தது, பல்பின் இழைகூடத் தெரிந்தது. தப்பாகிவிட்டால் மறுபடி மெருகேற்ற அங்கே மிச்சம் ஒன்றும் இருக்காது. சொரசொரப்பான எண்பதாம் நம்பர் உப்புத்தாளை எடுத்து ஒரு கட்டையில் சுற்றினாள். கை போகவில்லை. முப்பத்து மூன்று வருடத்தில் அவள் ஒரு லென்ஸைக்கூட வேண்டுமென்று கீறியதில்லை. தெரியாமல் கீறிய ஏழு லென்ஸும் இன்னும் நினைவில் இருந்தன, எந்த நாள், என்ன பவர் என்பது உட்பட. வெளிச்சத்தில் அந்த அடிவயிறு அவள் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. இதைவிட நல்ல வேலை தன் வாழ்நாளில் தான் செய்ததில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த மெருகைக் கவனித்தவர்கள் ஒரு பல் டாக்டரும் ஒரு ஈயும்தான்.

"குடும்மா, நான் தேய்ச்சிடறேன்" என்றார் லிஃப்ட்காரர் மெதுவாக.

"வேணாம். நீங்க தேய்ச்சா கோணலாப் போயிடும்."

சுற்றிலும் காகித டேப்பை ஒட்டி எல்லை கட்டினாள். அழுதுகொண்டேதான் தேய்த்தாள், அதை மறைக்கவும் இல்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் நிறுத்தி, கன்னத்தை வைத்துப் பார்த்தாள். முதல் இழுப்பின் சத்தம் கொட்டகைக்கு வெளியே தெருவரை கேட்டதாக எதிர்வீட்டுக்காரர்கள் பிற்பாடு சொன்னார்கள், பல் கூசியதாம். பதினோராவது இழுப்புக்குப் பிறகு அவள் கன்னம் 'போதும்' என்றது. பன்னிரண்டாவதுக்குத் தூக்கிய கையை அப்படியே இறக்கினாள். டேப்பை உரித்தபோது உள்ளே ஒரு சாம்பல் நிறப் பட்டை இருந்தது. ஓரங்கள் நூல் பிடித்தாற்போல நேராக, நாலு மூலையும் கச்சிதமாக இருந்தன. கெடுத்ததிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அன்று நாலு மணிக்குத் தொலைபேசியில், "நாளைக்கு வர்றேன் அக்கா" என்றாள். அக்கா, "சரி" என்றாள். நம்பாதவர்கள் சொல்கிற சரி.

மறுநாள் கிரேன் இறக்கியபோது படகு பழையபடி நான்கு விரல் உயரத்தில் நின்றது. பின்னால் மட்டும் தண்ணீர் ஒரு கை அகலத்துக்கு எழும்பி வந்து, அந்தப் பட்டையில் உள்ளங்கையை வைத்தமாதிரி ஒட்டிக்கொண்டது. கிரேன்காரர் நோட்டில் 'ஏறக்குறைய' போடாமல் 'இறக்கியாயிற்று' என்று மட்டும் எழுதினார். அதிகாரி படிவத்தில் ஆழம் என்ற கட்டத்தில் 'தொடுகிறது' என்று நிரப்பி முத்திரை குத்தினார். லென்ஸ்காரி முன்பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கண்ணை இறுக்க மூடி, இரண்டு கையாலும் வாளியைக் கட்டிக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து, "ஏங்க, எப்பங்க கிளம்பறோம்?" என்றாள். "கண்ணத் தொற" என்றார் லிஃப்ட்காரர். கரை எங்கோ பின்னால் போயிருந்தது. நாலா பக்கமும் தண்ணீர், அதில் வெயில், அலைகள் வரிசையாக வந்து அடியில் புகுந்து அந்தப் பக்கம் போயின. கடல் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், வாளிக்குள் தலையை வைத்துக்கொண்டு அவள்தான் கேட்டிருக்க மாட்டாள்.

தீவின் படகுத்துறையில் அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். லென்ஸ்காரி நினைத்துவைத்திருந்ததைவிட ரொம்பச் சின்ன உருவமாக இருந்தாள். அக்கா தண்ணீருக்கு மேலே வந்து நின்ற படகைப் பார்த்தாள், அதிலிருந்து இறங்குகிற தங்கையைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"முப்பத்து நாலு வருஷம் கழிச்சு வர்றே. அதுலயும் பத்து நிமிஷம் லேட்டு."

"உன் வாட்ச் முந்துது அக்கா."

"என் வாட்ச் முந்தாது. உன் வீட்டுக் கடிகாரம்தான் பிந்தும். அன்னிக்கே சொன்னேன்."

அவ்வளவுதான், ஆரம்பமாயிற்று. துறையிலிருந்து வீடுவரை அந்தக் கடிகாரம், வீட்டு வாசலில் போர்வை, உள்ளே போனதும் திரை. திரை பச்சை நிறம், அடிப்பக்கம் மட்டும் வெயிலில் வெளுத்திருந்தது. தங்கை அதைத் தையல் பிரித்துத் தலைகீழாக மாட்ட வேண்டும் என்றாள். அக்கா தன் வீட்டுத் திரையை யாரும் தலைகீழாக நிறுத்தத் தேவையில்லை என்றாள். மதியத்துக்குள் அக்காவின் குரல் கணீரென்று ஆகிவிட்டது. இரண்டு தட்டு சாப்பிட்டாள். சிவப்புக் குடை தன்னுடையது என்பதற்கு மூன்று அத்தாட்சிகள் சொன்னாள். லென்ஸ்காரி கைகழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டு, சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள். லிஃப்ட்காரர் பஞ்சு கொண்டுவர மறந்திருந்தார். அது ஒரு குறையாகவே அவருக்குத் தோன்றவில்லை.

கிளம்புகிற நேரத்தில் அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு துறைக்கு வந்தாள், படகின் விளிம்பைத் தடியால் தட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. தரையிலிருந்து தரைக்கு வைப்பதுபோல ஒரு காலை வைத்தாள், இன்னொரு காலையும் வைத்தாள், டாக்டர் கூடாது என்றதை நாலு வருடத்துக்கப்புறம் செய்து முடித்தாள். "ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. பையை ஏற்கெனவே கட்டிவைத்திருந்தாள். படகு கிளம்பிப் பாதி வழி வந்ததும் அவளுக்கு முகம் மாறியது.

"என்னடி இது, ஆட்டமே இல்ல?"

"அதுக்குத்தான அக்கா நாற்பத்தாறு நாள் தேய்ச்சேன்."

"கடல்ல போற மாதிரியா இருக்கு? தபாலாபீஸ்ல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. கொஞ்சம் ஆடினாத்தான எனக்குத் தூக்கம் வரும்."

"ஆடினா எனக்கு வாந்தி வரும்."

"அப்ப இன்னும் நாலு இழுப்பு இழுத்து விடு."

"முடியாது. வேணும்னா நீ எறங்கி நீந்தி வா."

லிஃப்ட்காரர் மோட்டாரை அணைத்துவிட்டு இந்தச் சண்டை முடியட்டும் என்று காத்திருந்தார். அது முடிகிற வழியாக இல்லை. கோபத்தில் அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தங்கையிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய், படகின் பின்கோடியில், அந்தச் சாம்பல் பட்டைக்கு நேர் மேலே போட்டு உட்கார்ந்தாள். நாற்காலி ஆடியது. ஒரு அலை வந்தது, அக்கா ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் நிமிர்ந்தாள். முன்கோடியில் தங்கை வைத்திருந்த டம்ளரில் தண்ணீர்கூட அசையவில்லை. அக்கா மறுபடி சாய்ந்தாள், நிமிர்ந்தாள். "ம்" என்றாள். அதற்குமேல் அவள் அந்தப் படகைப் பற்றிக் குறை எதுவும் சொல்லவில்லை.

இப்போது ஏழு வருடமாகிறது. மாதத்தில் இரண்டு நாள் அக்கா இங்கே, இரண்டு நாள் தங்கை அங்கே. வருடத்துக்கு ஒரு முறை லென்ஸ்காரி படகைக் கொட்டகையில் ஏற்றி மெருகு போடுகிறாள், பட்டையை மட்டும் தொடுவதில்லை. ஒவ்வொரு முறையும் பூச்சு ஒரு மயிரளவு குறைகிறது, படகும் முன்னைவிடக் கொஞ்சம் தணிந்துதான் நிற்கிறது, போன வருட அளவுப்படி இரண்டரை விரல். இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் வரும் என்று அவள் பல்பு வெளிச்சத்தில் பார்த்துச் சொல்கிறாள். அது வரும்வரை வரட்டும். பயணிகள் படகில் போகிறவர்கள் நடுக்கடலில் அவர்களைக் கடக்கும்போது கை காட்டுவார்கள், சிவப்புக் குடை என்ற வார்த்தை காற்றில் வந்து காதில் விழும். பின்னால் ஒரு அம்மாள் அலைக்கு அலை ஆடிக்கொண்டிருப்பாள், முன்னால் ஒரு அம்மாள் சுவர்போல உட்கார்ந்திருப்பாள். நடுவில் லிஃப்ட்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பின்னால் வைத்த கால் ஆடும், முன்னால் வைத்த கால் ஆடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கால் மாற்றிக்கொள்வார்.